படிக்காமல் சிபாரிசு செய்த புத்தகம்

சுகுணாவின் வீட்டு மாடிப்படிக்கு அடியில் ஒரு நீல பக்கெட் இருந்தது. முக்கால் பக்கெட் தண்ணீர். அதற்குள் கிழித்துப் போட்ட காகிதம் இட்லி மாவுப் பதத்துக்கு ஊறிக்கொண்டிருந்தது. பழைய பசையும் மையும் கலந்த புளித்த வாசனை வாசல்வரை வந்தது.

"எல்லாம் ஒன்னாலதான்" என்றாள் சுகுணா. குறையாகச் சொல்லவில்லை, பெருமையாகச் சொன்னாள்.

சில வருடங்களுக்கு முந்தைய ஒரு காலை அது. மழை விட்டு நல்ல வெயில் அடித்துக்கொண்டிருந்தது. கருவடிக்குப்பத்திலிருந்து ஸ்கூட்டியில் லாஸ்பேட்டைக்குப் போய் அவள் கையால் ஒரு காபி குடித்துவிட்டு வரலாம் என்று கிளம்பியவள் நான். காபி அப்புறம் என்று சொல்லி, கையைப் பிடித்து உள்ளே இழுத்துப்போய் பீரோவைத் திறந்து காட்டினாள்.

எனக்குப் பொறாமையாக இருந்தது. நான்கே நான்கு ஃபைல்கள். ஒவ்வொன்றின் முதுகிலும் வெள்ளைச் சீட்டு. 'வீடு', 'பேங்க்', 'உடம்பு', 'யாழினி' என்று ஸ்கெட்ச் பேனாவில் எழுதியிருந்தாள். யாழினி அவளுடைய ஒரே மகள். முப்பது வருடமாக அந்த பீரோவைத் திறந்தால் தாள்கள் சரிந்து காலில் விழுவதைப் பார்த்திருக்கிறேன்.

கதவின் உட்புறம், மற்றவர்கள் சாமி படம் ஒட்டும் இடத்தில், இந்தப் பத்திரிகையிலிருந்து கத்தரித்த ஓர் அரைப் பக்கம் ஒட்டியிருந்தது. 'ஒவ்வொரு வீட்டிலும் இருக்க வேண்டிய புத்தகங்கள்' என்று தலைப்பு. மேலே பல்லைக் காட்டிக்கொண்டு என் போட்டோ. வீட்டுப் பணத்தைப் பார்த்துக்கொள்ள நான்கு, வீட்டை ஒழுங்காக வைத்துக்கொள்ள மூன்று, கடிதமும் விண்ணப்பமும் எழுத மூன்று. ஆகப் பத்துப் புத்தகங்களை நான் சிபாரிசு செய்திருந்தேன். அதை நினைவில் வைத்திருக்கும் வாசகர்கள் யாராவது இருந்தால் தயவுசெய்து மறந்துவிடுங்கள்.

சுகுணா என்பது அவள் பெயர் இல்லை. மகளின் பெயரையும் மாற்றியிருக்கிறேன். இதை எழுதட்டுமா என்று போன மாதம் கேட்டபோது, "எழுதிக்கோ, அவ எங்க தமிழ்ப் பத்திரிகை படிக்கப்போறா" என்றாள். அந்தத் தைரியத்தில்தான் எழுதுகிறேன்.

வரிக்கு வரி

நாங்கள் இருவரும் ஒரே கல்லூரியில் வேலை பார்த்தோம். நான் நூலகத்தில் பார்வை நூல் பகுதி, அதாவது ரெஃபரன்ஸ். அவள் அலுவலகத்தில். மேலிடத்திலிருந்து சுற்றறிக்கை வந்தால் மற்றவர்கள் அதில் ஓட்டை தேடுவார்கள். சுகுணா அதை வரிக்கு வரி நிறைவேற்றுவாள். பச்சை மையில் எழுதக்கூடாது என்று ஒருமுறை வந்தது. அன்றைக்கு வீட்டிலிருந்த பச்சைப் பேனாவைக்கூடத் தூக்கிப் போட்டாள்.

என் அரைப் பக்கமும் அவளுக்குச் சுற்றறிக்கைதான். பத்தில் எது விலை குறைவோ அதை முதலில் வாங்கினாள். மற்றவை மாதத்துக்கு ஒன்று என்று திட்டம். முதலில் வந்தது, வீட்டில் சேரும் தாள்களை எப்படி ஒழிப்பது என்று சொல்லும் ஒரு மொழிபெயர்ப்புப் புத்தகம்.

அதன் விதியை எனக்கு ஆர்வமாக விளக்கினாள். ஒரு தாளைக் கையில் எடுக்க வேண்டும். இது எதற்கு என்று வாய்விட்டுச் சொல்ல வேண்டும். சொல்ல வரவில்லையா, கிழிக்க வேண்டும். யோசிக்கக் கூடாது. யோசித்தால் தாள் ஜெயித்துவிடும் என்று போட்டிருக்கிறதாம். கிழித்ததை ஊறவைத்துச் செடிக்கு உரமாகப் போட்டால் மனசும் லேசாகுமாம்.

அவ்வளவு தாள் எங்கிருந்து வந்தது என்று கேட்டேன்.

"எங்கப்பா பெட்டிதான். பூரா பிரஞ்சு. ஒன்ன எடுத்தும் இது இன்னதுன்னு சொல்லத் தெரியல. எல்லாத்தையும் கிழிச்சிட்டேன்."

எனக்குத் திக்கென்றது. எங்கள் ஊரில் பிரஞ்சில் எழுதிய தாளை யாரும் கிழிக்க மாட்டார்கள். மளிகைக் கடை ரசீதாக இருந்தாலும் பத்திரப்படுத்துவார்கள். காரணம் உண்டு. பிரஞ்சு ஆட்சி போனபோது, எந்த நாட்டுக் குடியுரிமை வேண்டும் என்று முடிவு செய்ய இந்த ஊர்க்காரர்களுக்கு ஆறு மாதம் கொடுத்தார்கள். பிரஞ்சுதான் வேண்டும் என்று போய்க் கையெழுத்துப் போட்டவர்களுக்கு ஒரு தாள் கிடைத்தது. போடாதவர்கள் தானாகவே இந்தியர்கள். அந்தத் தாளுக்கு ஒப்சியோன் என்று பெயர். பேரன் பேத்திகள் பிரான்சுக்குப் போக வேண்டுமானால் அந்த ஒரு தாளிலிருந்துதான் எல்லாம் தொடங்கும்.

"ஒப்சியோன் பேப்பர்?" என்றேன்.

அது காலாப்பட்டில் தம்பியிடம் இருக்கிறது என்று அலட்சியமாகச் சொன்னாள். எதற்கும் கேட்டுவிடு என்றேன். போனை ஸ்பீக்கரில் போட்டாள். அவள் தம்பி பஸ்ஸில் போய்க்கொண்டிருந்தார் போலிருக்கிறது, ஒரே ஹாரன் சத்தம்.

"என்கிட்ட ஏதுக்கா? ஒன்கிட்டதான இருக்குது. அப்பா பெட்டியில" என்றார்.

சுகுணா போனைக் கட்டிலில் வைத்தாள். அணைக்கக்கூட இல்லை. ஹாரன் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. அவள் நேராக மாடிப்படிக்கு ஓடி, தரையில் உட்கார்ந்து, பக்கெட்டுக்குள் முழங்கை வரை கையை விட்டாள்.

நானும் உட்கார்ந்தேன். டீ வடிகட்டியால், அப்புறம் அரிசி களையும் பாத்திரத்தால், அதுவும் சரிப்படாமல் பழைய வாயில் புடவைத் துணியால் வடிகட்டிப் பார்த்தோம். சாம்பல் நிறக் கூழ். எங்கள் விரல்களெல்லாம் ஊதாவாகிவிட்டன. நகத்தளவு ஒரு துண்டில் முத்திரையின் வளைவு மட்டும் தெரிந்தது. அது எந்தத் தாளின் முத்திரை என்று யார் சொல்ல முடியும்? அறுபதை நெருங்கும் இரண்டு பெண்கள் பட்டப்பகலில் காகிதக் கூழைப் பிழிந்துகொண்டு உட்கார்ந்திருந்தோம். சுகுணா அழவில்லை. "யாழினி, யாழினி" என்று மட்டும் சொல்லிக்கொண்டிருந்தாள்.

ஓட்டுப் போடாத மனிதர்

யாழினி சென்னையில் ஒரு மருத்துவமனையில் பிசியோதெரபிஸ்டாக இருந்தவள். சுகுணாவின் பெரியப்பா, அதாவது யாழினியின் தாத்தாவுக்கு அண்ணன், அந்த ஆறு மாதத்தில் கையெழுத்துப் போட்டு, குடும்பத்தோடு பிரான்சுக்குப் போனவர். அவருடைய பேரப்பிள்ளைகள் அங்கே நன்றாக இருக்கிறார்கள். நம் தாத்தாவும்தானே போட்டார், நமக்கு ஏன் வராது என்று யாழினி கேட்க ஆரம்பித்தாள். சென்னை வக்கீல் ஒருவர், தலைமுறை தாண்டிவிட்டதால் கஷ்டம், ஆனால் தாத்தாவின் தாள் இருந்தால் முயன்று பார்க்கலாம், இல்லாமல் என்னிடம் வராதே என்று சொல்லியிருந்தார். அவள் அதை நம்பி வேலையை விட்டுவிட்டு இரண்டு வருடமாகப் பிரஞ்சு படித்துக்கொண்டிருந்தாள். பரீட்சையும் எழுதிவிட்டாள். அடுத்த மாதம் தாளோடு வக்கீலைப் பார்க்க வேண்டும்.

சுகுணாவின் அப்பாவை எனக்கு நன்றாகத் தெரியும். ஒரு மில்லில் எழுத்தராக இருந்தார். பட்டாளத்தில் இல்லாததால் பிரஞ்சு பென்ஷன் கிடையாது. ஆனால் தெருவில் அவரைப் பிரஞ்சுக்காரர் என்றுதான் சொல்வார்கள். ஜூலை பதினான்கு வந்தால் வெள்ளைச் சட்டையைத் தானே இஸ்திரி போட்டுக்கொண்டு கடற்கரைக்கு அணிவகுப்பு பார்க்கப் போவார்.

தேர்தல் நாளிலும் அதே வெள்ளைச் சட்டை. வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து பேப்பர் படிப்பார். ஓட்டுப் போட அழைக்க வரும் கட்சிக்காரர்களிடம், "நான் பிரஞ்சுங்க, எனக்கு இங்க ஓட்டு இல்ல" என்பார். கட்சிக்காரர்கள் வணக்கம் சொல்லிவிட்டு நகர்வார்கள். கல்யாணமான புதிதில் நானே அதைப் பார்த்து வாயடைத்துப் போயிருக்கிறேன். இப்படி ஒரு கெத்தா என்று நினைத்தேன்.

முகவுரை, பொருளடக்கம், பின்னட்டை

இப்போது என் பங்குக்கு வருகிறேன். இந்தத் தொடரில் இதுவரை எழுதாத ஒன்று.

பார்வை நூல் பகுதியில் வேலை செய்பவர்கள் புத்தகம் படிப்பதில்லை. படிக்க நேரமும் இல்லை, தேவையும் இல்லை. முகவுரையைப் பார்ப்போம், பொருளடக்கத்தைப் பார்ப்போம், பின்னட்டையைத் திருப்புவோம், நடுவில் ஒரு பக்கம். அவ்வளவுதான். அப்புறம் கேட்பவருக்கு எந்தத் தட்டு என்று கை நீட்டிவிடலாம். லீவ் லெட்டர் எழுத, கடை தொடங்க, வீடு கட்டக் கடன் வாங்க என்று வந்தவர்களுக்கெல்லாம் இப்படித்தான் முப்பது வருடம் கை நீட்டினேன். யாரும் திரும்பி வந்து திட்டியதில்லை. அதனால் எனக்கு எல்லாம் தெரியும் என்று நானும் நம்பிவிட்டேன்.

பத்திரிகையிலிருந்து போன் வந்தபோது இரண்டு நாள்தான் கெடு. நேரு வீதியில் ஒரு புத்தகக் கடையில் நின்றபடி பத்தையும் பொறுக்கினேன். மொத்தம் முக்கால் மணி நேரம். தாள் ஒழிக்கும் புத்தகத்தின் அட்டை அழகாக இருந்தது, எழுத்து பெரிதாக இருந்தது. 'எளிமையான வழிகள், உடனே பலன் தரும்' என்று எழுதினேன். உடனே பலன் தந்தது.

என் வீட்டு லட்சணத்தையும் சொல்லிவிடுகிறேன். என் கரண்டு பில்லெல்லாம் ஃப்ரிஜ்ஜின் தலையில் கிடக்கும், மேலே ஒரு தேங்காய் வைத்து அழுத்தியிருப்பேன்.

பக்கெட் விஷயம் நடந்த மறுநாள் அதே கடைக்குப் போய் என் பட்டியலில் இருந்த புத்தகங்களைக் காசு கொடுத்து வாங்கி வந்தேன். முதல்முறையாகப் படித்தேன். பணத்தைப் பற்றிய முதல் புத்தகத்தில், முக்கிய ஆவணங்கள் என்று ஓர் அத்தியாயம் இருந்தது. உங்களுக்குப் புரியாத மொழியில் உள்ள எந்தத் தாளையும் தெரிந்தவரிடம் காட்டாமல் அழிக்காதீர்கள் என்று கட்டம் கட்டிப் போட்டிருந்தார்கள்.

நான் ஆடிப்போய்விட்டேன். என்னுடைய அரைப் பக்கத்துக்குள்ளேயே ஒரு புத்தகம் வைத்துக்கொள் என்கிறது, இன்னொன்று கிழி என்கிறது. இரண்டுக்கும் கீழே என் பெயர். இரண்டில் ஒன்றைப் படித்திருந்தால்கூட சுகுணாவுக்கு ஒரு வார்த்தை சொல்லியிருப்பேன்.

பஸ்ஸில் தொலைந்த தாள்

ஒரு வழி இருந்தது. கையெழுத்து வாங்கிய அரசாங்கம் தன்னிடமும் ஒரு பதிவேடு வைத்திருக்கும். அந்தப் பழைய பதிவேடுகளெல்லாம் பிரான்சில் ஓர் ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன என்பது எனக்குத் தெரியும். எழுதிக் கேட்டால் நகல் கிடைக்கலாம். சொன்னதும் சுகுணாவுக்கு உயிர் வந்தது. யாழினியிடம் தாளைத் தேடிக்கொண்டிருப்பதாகச் சொல்லி, வக்கீலிடம் மூன்று மாத அவகாசம் வாங்கச் சொன்னாள். கிழித்ததை மட்டும் சொல்லவில்லை. நகல் வந்த பிறகு சொல்லிக்கொள்ளலாம் என்றாள்.

கடிதத்தைத் தானேதான் எழுதுவேன் என்று பிடிவாதம் பிடித்தாள். நான் கிழித்தேன், நானே கேட்கிறேன் என்றாள். அதற்கும் என் பட்டியலில் புத்தகம் இருந்ததே. மாதிரிக் கடிதங்கள் புத்தகத்தை வாங்கி, தொலைந்த ஆவணத்துக்கு நகல் கோரும் கடிதத்தைத் தேடிப் பிடித்து, முத்துமுத்தாக எழுதிக் கொடுத்தாள். படித்துப் பார்த்தேன். மேற்படி ஆவணம் பேருந்துப் பயணத்தின்போது தொலைந்துவிட்டது என்று இருந்தது. புத்தகத்தில் அப்படித்தான் போட்டிருக்கிறது என்றாள். சிரிக்கவும் முடியவில்லை. பஸ் வரியை எடுத்துவிட்டு, எனக்குத் தெரிந்த பிரஞ்சில் மாற்றி, என் மின்னஞ்சலிலிருந்து அனுப்பினேன்.

அந்தப் புத்தகத்தை நானும் ஒருநாள் ரகசியமாக மறுபடி புரட்டினேன். மன்னிப்புக் கடிதம் ஏதாவது இருக்கிறதா என்று பார்த்தேன். தாமதமாக வந்ததற்குத் தலைமை ஆசிரியருக்கு ஒன்று, தவணை தவறியதற்கு வங்கி மேலாளருக்கு ஒன்று. படிக்காத புத்தகத்தைப் படி என்று சொல்லித் தோழியின் குடும்பத்தைக் கெடுத்ததற்கு மாதிரி எதுவும் இல்லை. நானாக எழுதவும் எனக்கு வரவில்லை. அவளைப் பார்க்கும்போதெல்லாம் சொல்ல நினைத்து, வேறு ஏதாவது பேசிவிட்டு வந்துவிடுவேன்.

பால் வாங்கும் வரிசையில்

இரண்டு மாதத்துக்கு மேல் ஆனது. ஒரு காலை பால் பூத் வரிசையில் நின்றபோது போன் டிங் என்றது. பார்த்தேன். பிரான்சிலிருந்து பதில்.

மிக மரியாதையான கடிதம். நீங்கள் குறிப்பிட்ட பெயரை அந்த ஆறு மாதங்களின் பதிவேடுகள் முழுவதிலும் தேடினோம் என்று எழுதியிருந்தார்கள். அண்ணனுடைய, அதாவது சுகுணாவின் பெரியப்பாவுடைய, பதிவு இருக்கிறதாம். பதிவு எண்ணையும் கொடுத்திருந்தார்கள். தம்பியான சுகுணாவின் அப்பா பெயரில் எந்தப் பதிவும் இல்லை. பெயரை வேறு விதமாக எழுதியிருக்கலாம் என்று பிறந்த தேதியையும் தகப்பனார் பெயரையும் வைத்துத் தேடினார்களாம். அப்படியும் இல்லை. வருந்துகிறோம்.

மூன்று தடவை படித்தேன். எனக்குப் பின்னால் இருந்தவர் நகரச் சொன்னார். நகரவில்லை.

சுகுணாவின் அப்பா கையெழுத்துப் போடவே இல்லை. அண்ணன் போய்ப் போட்டுவிட்டு வந்திருக்கிறார், தம்பி நானும் போட்டேன் என்று வீட்டில் சொல்லிவிட்டார். ஏன் என்று யாருக்குத் தெரியும்? பயந்தாரோ, தயங்கித் தயங்கி ஆறு மாதம் ஓடிவிட்டதோ. எழுபத்தைந்து வயது வரை வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு வாசலில் உட்கார்ந்து, ஓட்டு இருந்தும் இல்லை என்று சொல்லி, இந்த நாட்டில் ஓட்டும் போடாமல் அந்த நாட்டுக்குக் கையெழுத்தும் போடாமல் செத்துப்போனார்.

ஆனால் அதற்கும் முன்னால் ஒன்று நடந்தது. அதைச் சொல்லாவிட்டால் இந்த அத்தியாயத்தை எழுதிப் பயனில்லை. கடிதத்தை முதல் தடவை படித்து முடித்த அந்த நொடியில் எனக்கு நிம்மதி வந்தது. அப்பாடா என்று வாய்விட்டே சொன்னேன். இல்லாத தாளை யாரும் கிழித்திருக்க முடியாதே. அப்படியானால் என் புத்தகத்தின் மேல் தப்பில்லை, என் மேலும் தப்பில்லை.

ஒரு பெண்ணின் இரண்டு வருட உழைப்பு மண்ணாகிவிட்டது என்று சொல்லும் கடிதம் அது. அதைக் கையில் வைத்துக்கொண்டு நான் சந்தோஷப்பட்டேன். அந்த மனிதர் சொன்ன பொய்கூட எனக்கு அவ்வளவு அதிர்ச்சியாக இல்லை. நான் இப்படிப்பட்டவள் என்று தெரிந்ததுதான் அதிர்ச்சி.

சுகுணா கேட்டது

பாலை வாங்காமலே லாஸ்பேட்டைக்குப் போனேன். கடிதத்தைத் தமிழில் சொல்லச் சொல்ல சுகுணா என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அப்ப நான் கிழிச்சதெல்லாம் என்னா பேப்பர் வசந்தா?" என்றாள்.

தெரியாது என்றேன். மில் சீட்டாக இருக்கலாம், பள்ளிக்கூடச் சான்றிதழாக இருக்கலாம். இனி யாராலும் சொல்ல முடியாது.

பிறகு, "ஒனக்கு நிம்மதியா இருக்குல்ல?" என்று கேட்டாள். கோபமாகக் கேட்கவில்லை. முப்பது வருடப் பழக்கம், என் முகத்தில் அவளுக்குத் தெரியாதது ஒன்றுமில்லை. ஆமாம் என்று தலையாட்டினேன். பொய் சொல்ல வாய் வரவில்லை.

"இருக்கட்டும். யாழினிக்கு மட்டும் இது தெரிய வேணாம். எங்கப்பான்னா அவளுக்கு உசுரு. தாத்தா பொய் சொன்னாருன்னு அவ நெனைக்கவேணாம். நான் கிழிச்சிட்டேன், நகலும் கெடைக்கலன்னே சொல்லிடறேன். புக்கப் பாத்துக் கிழிச்சேன்னு சொல்லிடறேன்."

சற்று முன்னால் எனக்குக் கிடைத்த நிம்மதியை அவள் அப்படியே திரும்ப வாங்கிக்கொண்டாள். அவள் வேண்டுமென்று செய்யவில்லை. தன் அப்பாவைக் காப்பாற்ற அவளுக்கு வேறு வழி தெரியவில்லை. சரி என்றேன்.

மூன்றாம் நாள் மத்தியானம் யாழினி எனக்கு போன் செய்தாள். குழந்தையிலிருந்து என் மடியில் வளர்ந்தவள். அழுது முடித்த குரல். அம்மா எல்லாம் சொன்னாங்க என்றாள். அம்மா விதிப்படி நடக்கிறவங்க, அவங்களைக் குற்றம் சொல்ல மாட்டேன் என்றாள். அப்புறம் கேட்டாள்.

"ஒண்ணே ஒண்ணு சொல்லுங்க ஆன்ட்டி. அந்த புக்க நீங்க படிச்சிட்டுத்தான எழுதினீங்க?"

பிரான்சிலிருந்து வந்த கடிதம் அதே போனில்தான் இருந்தது. விரலால் தொட்டால் அவளுக்குப் போய்விடும். அவளுக்குப் பிரஞ்சு படிக்கத் தெரியும். அதன்பிறகு யாரும் என்னைக் கேள்வி கேட்க முடியாது.

"இல்லம்மா, படிக்கல" என்றேன்.

"படிக்காமலே எழுதுவீங்களா?"

"ஆமாம்மா."

அவள் போனை வைத்துவிட்டாள். இன்றுவரை என்னோடு பேசவில்லை.